அலாஸ்கா பனியாறுகளுக்கு வாடகை மோட்டார் ஹோம்: பள்ளத்தூர்க் குடித்தனக்காரியின் மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலாஸ்காவின் பனியாறுகளை, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டிகளைப் பார்க்க மோட்டார் ஹோம் (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுப்பது நல்ல காரியம். செலவு கூடுதல்தான். ஆனால் வயதானவர்களும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு, அதிலும் மூன்று வேளையும் நம் சாப்பாடு வேண்டும் என்கிற குடும்பத்துக்கு, காரில் சுற்றி ஓட்டலில் தங்குவதைவிட இது மேல். ஒரே நிபந்தனை, தண்ணீரை அளந்து புழங்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர்கள் எவ்வளவு பெரிய வண்டி எடுத்தாலும் சண்டையில்தான் முடியும்.

மகன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். நானும் என் வீட்டுக்காரரும் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரிலிருந்து போய்ச் சேர்ந்து, மகன், மருமகள், பேரனோடு அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகருக்கு விமானம் ஏறினோம். ஜூன் கடைசி. அந்த ஊரில் மோட்டார் ஹோம் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. நாங்கள் எடுத்த நிறுவனத்தின் பெயரைவிட, வண்டியும் ஒப்பந்தமும் எப்படி இருக்கும் என்பது நம்மவர்களுக்கு அதிகம் பயன்படும் என்பதால் அதையே எழுதுகிறேன்.

வண்டி 25 அடி நீளம். ஃபோர்டு லாரியின் அடிச்சட்டத்தின் மேல் வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, அது பேரனுக்கு. நடுவில் சாப்பாட்டு மேசையை இறக்கிப் பலகை போட்டால் இருவர் படுக்கலாம். அது மகனுக்கும் மருமகளுக்கும். பின்னால் மூலையில் ஒரு கட்டில் எங்களுக்கு. அந்தக் கட்டிலின் மூன்று பக்கமும் சுவர். இரவில் எழுந்து போகிறவர் வெளிப்பக்கம் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவரைத் தாண்டித்தான் இறங்க முடியும். முழங்கால் வலி உள்ளவர்கள் வாடகை பேசும்போதே நடுவில் கட்டில் போட்ட மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏறும் படி உயரம் கூடுதல், ஆனால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உறுதியாக இருக்கிறது. கழிப்பறை மிகச் சின்னது. உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும்.

இதை ஓட்டத் தனி லைசென்ஸ் தேவையில்லை. சாதாரண கார் லைசென்ஸ் போதும். இங்கிருந்து போய் ஓட்ட நினைப்பவர்கள் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்வது நல்லது. பெட்ரோல்தான் கணக்கைக் கூட்டும்: ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய நாலு கிலோமீட்டர்.

இனி தண்ணீர். நல்ல தண்ணீர்த் தொட்டி 40 கேலன், அதாவது 150 லிட்டர். ஐந்து பேர். எங்கள் ஊரில் ஓட்டிலிருந்து வளவுக்குள் (வீட்டு முற்றத்துக்குள்) விழுகிற மழையை அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்துப் புழங்கிய வீட்டில் வளர்ந்தவள் நான். குடிக்கிற ஊரணியில் காலை நனைக்க விடமாட்டார்கள். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் அருமை தெரியும். அதனால் 150 லிட்டர் என்று கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை. மருமகள்தான் கொஞ்சம் திகைத்தாள், பாவம்.

எல்லோரும் நல்ல தண்ணீர் தீர்ந்துவிடுமே என்றுதான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் முதலில் கழுத்தைப் பிடிப்பது கழிவுநீர்த் தொட்டி. வண்டியில் அது இரண்டு. கழிப்பறைக்கு பிளாக் டேங்க். குளியலுக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் கிரே டேங்க். கிரே டேங்க் நிரம்பிவிட்டால் குளிக்கும் இடத்தின் தரையில் அழுக்குத் தண்ணீர் எதிர்த்து ஏறும். அதனால் நான் சட்டம் போட்டேன். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் வழித்துத் துடைக்க வேண்டும், பிறகு ஒரு பேசினில் சோப்பு, ஒரு பேசினில் அலசல். குளிக்கும்போது உடம்பை நனைத்துவிட்டுக் குழாயை மூட வேண்டும். சோப்புப் போட்டு முடித்த பிறகுதான் திறக்கலாம். வெந்நீர்க் கொதிகலன் 6 கேலன்தான், சுமார் 23 லிட்டர். இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர். பேரன் இந்தச் சட்டத்தை எல்லோரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தான். "அப்பத்தா, அப்பச்சி குழாயை மூடாமலே சோப்புப் போடுறாங்க" என்று வந்து சொல்வான். எங்கள் பக்கம் அப்பாவைத்தான் அப்பச்சி என்போம்.

சுவரில் ஒரு பலகை இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் எந்தத் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று விளக்கு காட்டும். பிளாக் டேங்க் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே அழுக்கு ஒட்டிக்கொண்டால் காலியான தொட்டியையும் நிரம்பியது என்று காட்டும். கழிவைக் கொட்டுவதற்குப் பெட்ரோல் பங்குகளிலும், இந்த வண்டிகள் இரவு தங்கும் முகாம்களிலும் டம்ப் ஸ்டேஷன் உண்டு. முதலில் பிளாக், அடுத்து கிரே. இந்த வரிசையில் திறந்தால், பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர்தான் ஒவ்வொரு முறையும் செய்தார். அருவருப்புப் படாமல் இதைச் செய்ய ஒருவர் இருந்தால்தான் இந்தப் பயணம் கிளம்ப வேண்டும்.

வண்டியை ஒப்படைத்த பையன் மரியாதையானவன், ஆனால் அவசரக்காரன். பின்னால் இன்னும் இரண்டு குடும்பம் காத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனான். மருமகள் அதை முழுக்கச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள். வழியில் அந்த வீடியோதான் எங்களைக் காப்பாற்றியது. அவன் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று. ஜெனரேட்டர் வண்டியின் பெட்ரோலில்தான் ஓடும். டாங்கில் கால் பங்குக்குக் கீழே போனால் நின்றுவிடும். மைக்ரோவேவுக்கும் ஏ.சி.க்கும் ஜெனரேட்டர் வேண்டும். அடுப்பு, பிரிட்ஜ், வெந்நீர் மூன்றும் புரொப்பேன் வாயுவில் ஓடுவதால் அவற்றுக்குப் பயமில்லை.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என்னிடம் எல்லோரும் கேட்பது அதைத்தான். அரிசியும் பருப்பும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டாம். நம் நாட்டு அரிசியைப் பயணிகள் பெட்டியில் கொண்டுபோக அமெரிக்காவில் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. நான் கொண்டுபோனது வறுத்து அரைத்த பொடி வகைகள், புளிக்காய்ச்சல், வற்றல், பிறகு பலகாரம்: தேன்குழல், மணகோலம், மாவுருண்டை. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மகன் அங்கேயே வாங்கினான். மிக்ஸி கொண்டுபோகாதீர்கள், அங்கே கரண்ட் 120 வோல்ட், நம் மிக்ஸி ஓடாது.

அடுப்பில் மூன்று பர்னர். தீ நன்றாக எரிகிறது, குக்கரும் வடைச்சட்டியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். தாளிப்புதான் தொல்லை. கடுகும் மிளகாயும் எண்ணெயில் விழுந்த அடுத்த நொடி புகை அலாரம் அலறும். கூரையில் உள்ள விசிறியைத் திறந்து வைத்தாலும் கூவும். அதனால் தாளிப்பதும் வறுப்பதும் வெளியேதான். ஒவ்வொரு முகாமிலும் மர மேசை ஒன்று போட்டிருக்கிறார்கள். சின்னக் கேஸ் அடுப்பை அதன் மேல் வைத்துத் தாளித்து உள்ளே கொண்டுவந்து கொட்டுவேன். முடிந்ததும் மேசையைத் துடைத்து, எண்ணெய்ச் சட்டி முதல் குப்பை வரை எல்லாவற்றையும் வண்டிக்குள் வைத்துக் கதவைப் பூட்ட வேண்டும். கரடி நாடு அது. வாசனை பிடித்து வரும். இதில் ஒரு நாள்கூடச் சோம்பல் கூடாது.

வால்டீஸ் என்ற துறைமுக ஊரில் சாமன் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். கொழுப்பு மிகுந்த மீன் அது. நம் ஊர் அளவுக்குப் புளி ஊற்றினால் குழம்பு மந்தமாக இருக்கும். புளியையும் மிளகையும் கொஞ்சம் கூட்டி, எண்ணெயைப் பாதியாகக் குறைத்தால் அருமையாக வருகிறது. பக்கத்தில் வண்டி போட்டிருந்த வயதான தம்பதிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்காமல், உள்ளே பெர்ரி ஜாம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காத பழக்கம் அங்கேயும் இருப்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

சரி, பாதைக்கு வருகிறேன். ஆங்கரேஜிலிருந்து க்ளென் ஹைவே கிழக்கே போகிறது. 160 கிலோமீட்டர் போனதும் வலது பக்கம் மட்டனுஸ்கா பனியாறு. நீளம் 27 மைல், அதாவது 43 கிலோமீட்டர். முகப்பில் 4 மைல் அகலம். ரோட்டோர முகாமிலிருந்தே நன்றாகத் தெரியும். வண்டிக் கதவைத் திறந்துவைத்துக் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கலாம் என்பதுதான் மோட்டார் ஹோம் தரும் சுகம். பனியின் மேல் நடக்க வேண்டுமானால் தனியார் நிலம் வழியாகக் கட்டணம் கட்டி, வழிகாட்டியோடு போக வேண்டும். காலணிக்கு அடியில் இரும்பு முள் மாட்டி விடுகிறார்கள். நான் நடந்தேன். வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் நீலம் தெரிகிறது. காற்றுக் குமிழி எல்லாம் நசுங்கி வெளியேறிய கெட்டிப் பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறதாம். அந்த நிறத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பனியாற்றின் அடியிலிருந்து புறப்படும் ஆறு அரிசி கழுவிய தண்ணீர் நிறம். பனி நகரும்போது அடியில் பாறையை அரைத்து மாவாக்கி விடுகிறது. அந்த மாவு கலந்து ஓடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் இருந்தும் ஒரு குடம் மொண்டு தொட்டியில் ஊற்ற முடியாது. மாவு பம்பைக் கெடுக்கும். தெளிவாக ஓடும் ஓடைத் தண்ணீரையும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. ஆக அந்தப் பனி நாட்டிலும் நமக்கு அந்த 150 லிட்டர்தான்.

க்ளென்னாலன் என்ற ஊருக்குப் பிறகு ரிச்சர்ட்ஸன் ஹைவேயில் தெற்கே திரும்பினோம். நிலத்துக்கு அடியில் எப்போதும் உறைந்திருக்கும் மண் சில இடங்களில் உருகி அமுங்குவதால் ரோடு அலை அலையாக இருக்கிறது. வேகமாகப் போனால் பின் கட்டிலில் இருப்பவர்கள் தூக்கி எறியப்படுவார்கள். என் எவர்சில்வர் டப்பாக்கள் முதல் மேட்டிலேயே அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு வந்தன. அதற்குப் பிறகு டப்பாக்களுக்கு நடுவே துண்டு, துப்பட்டா எல்லாவற்றையும் திணித்து வைத்தோம். "தம்பி, மெதுவாப் போ" என்று நான் சொல்லாத மேடு இல்லை.

இடது பக்கம் ராங்கல் செயின்ட் எலியாஸ் தேசியப் பூங்காவின் மலைகள் கூடவே வருகின்றன. அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா அது. பரப்பில் நம் தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. அதன் உள்ளே மெக்கார்த்திக்குப் போகும் 60 மைல் ஜல்லி ரோட்டில் வாடகை வண்டியை ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை. அங்கே கென்னிகாட் என்ற பழைய தாமிரச் சுரங்கம் இருக்கிறது, 1938இல் மூடியது. தாமிர அண்டாவும் தவலையும் நிறைந்த வீட்டிலிருந்து போனவளுக்கு அதைப் பார்க்காமல் வந்ததில் வருத்தம்தான். கையெழுத்துப் போடும் முன் எந்தெந்த ரோடு கூடாது என்ற பட்டியலைப் படித்துவிட்டுப் பாதையை முடிவு செய்யுங்கள்.

வழியெல்லாம் எண்ணெய்க் குழாய் கூட வருகிறது. ஆர்க்டிக் கடற்கரையிலிருந்து வால்டீஸ் வரை 800 மைல். 1977இல் ஓடத் தொடங்கியது. உறைந்த மண் உருகக் கூடாது என்று பாதிக்கு மேல் கால் நட்டுத் தூக்கி வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒவ்வொரு காலையும் தட்டிப் பார்த்தார்.

வொர்திங்டன் பனியாறு ரோட்டுக்கு மிக அருகில் வருகிறது. வண்டியை நிறுத்திவிட்டு நல்ல நடைபாதையில் வயதானவர்களும் போய்ப் பார்க்கலாம். அதைத் தாண்டி தாம்சன் கணவாய். 1952-53 குளிர்காலத்தில் மட்டும் அங்கே 974 அங்குலத்துக்கு மேல் பனி விழுந்ததாகக் கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய 25 மீட்டர். கணவாய்க்குக் கொஞ்சம் கீழே புளூபெரி ஏரி முகாமில் இரவு தங்கினோம். கரண்ட் இணைப்பு கிடையாது, போன் சிக்னல் கிடையாது. சுற்றிலும் மலை, ஏரியில் மலையின் நிழல். அந்தப் பயணத்திலேயே நான் மிகவும் விரும்பிய இடம் அது. இரவு பதினொன்றுக்கும் புத்தகம் படிக்க வெளிச்சம் இருந்தது.

என் குறையும் அங்கேதான் வந்தது. வண்டிக்குள் சூடேற்றும் கருவி வாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில்தான் ஓடும். நடு இரவுக்கு மேல் பேட்டரி இறங்கிவிட்டது. சூடு நின்றது. இரண்டு மணிக்குக் குளிர் எலும்பில் இறங்கியது. ஐந்து பேரும் இருக்கிற கம்பளியை எல்லாம் போட்டு ஒன்றாகப் படுத்தோம். காலையில் வண்டியை ஓட்டி, மலை இறங்கி, வால்டீஸில் சிக்னல் கிடைத்த பிறகு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். பேட்டரி பழசு என்று அங்கே மெக்கானிக் சொன்னார். புதிது போடச் சொல்லி, பில்லை அனுப்பினால் பணம் தருகிறோம் என்றார்கள்; சொன்னபடி தந்தார்கள். அதற்கு நன்றி. ஆனால் பழைய பேட்டரியோடு ஒரு குடும்பத்தைப் பனி மலைக்கு அனுப்பியது தவறு. வண்டியை எடுக்கும்போதே பேட்டரி எப்போது மாற்றியது என்று கேட்டு, வெளிக் கரண்டைக் கழற்றச் சொல்லி, சூடேற்றும் கருவியை அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். அவர்கள் அவசரப்பட்டாலும் நீங்கள் அசையாதீர்கள்.

வால்டீஸ் ஊரே ஒருமுறை இடம் மாறியது. 1964 மார்ச் 27இல் வந்த 9.2 அளவு நிலநடுக்கத்தில் பழைய ஊர் பாழாகி, 4 மைல் தள்ளிப் புது ஊர் கட்டினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மோட்டார் ஹோம் முகாம்கள். தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் இணைத்துத் தருகிறார்கள். இரண்டு இரவு இணைப்பில்லாத முகாம், மூன்றாவது இரவு இணைப்புள்ள முகாம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் தொட்டிகள் கட்டுக்குள் இருக்கும். துணி துவைப்பதையும் தலைக்குக் குளிப்பதையும் அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து ஆங்கரேஜுக்குத் தெற்கே சூவர்ட் வரை போனோம். முதலில் கடலோரமாகவும் பிறகு மலைகளுக்கு நடுவிலும் போகும் அந்த 127 மைல் ரோடு மிக அழகு, ஆனால் ஜூலை நெருங்க நெருங்க வண்டிக் கூட்டம். சூவர்டுக்குப் பக்கத்தில் எக்ஸிட் பனியாறு. பனி எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று வழி நெடுகப் பலகை நட்டிருக்கிறார்கள். 1917 பலகையை வண்டியிலிருந்தே பார்த்துவிடலாம். 2010 பலகையை எட்ட நடக்க வேண்டும், அங்கே நின்றாலும் பனி தள்ளித்தான் இருக்கிறது. பேரன் ஒவ்வொரு பலகையிலும் நின்று அந்த ஆண்டில் யார் யார் பிறந்திருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தான். 1926 பலகையில் என் ஆயா பிறந்திருந்தார்கள். இதைப் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். பெரிய வண்டி நிறுத்தும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது.

அலாஸ்காவின் இன்னொரு தேசியப் பூங்காவான தெனாலிக்கு நாங்கள் போகவில்லை. அந்தப் பூங்கா ரோடு 2021 முதல் நிலச்சரிவால் 43ஆவது மைலில் அடைபட்டது. தவிர தனி வண்டிகளை முதல் 15 மைலுக்கு மேல் பொதுவாக விடுவதில்லை. பனியாறுதான் நோக்கம் என்றால் நான் சொன்ன பாதையே போதும்.

வண்டி எடுக்கிறவர்களுக்கு: ஐந்து பேருக்கு 25 அடி போதும், 30 அடி வேண்டாம். மைல் கணக்கில்தான் வாடகை கூடும். குறைவாக ஓட்டி ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள். ஜூன், ஜூலையில் வாடகை உச்சத்தில் இருக்கும். மே கடைசியில் குறையும், கொசுவும் குறைவு. கருப்பு ஜன்னல் துணி கொண்டுபோங்கள். ஜூன் 21 வாக்கில் ஆங்கரேஜில் பகல் 19 மணி நேரத்துக்கு மேல். கண்ணாடியில் கல் அடித்தால் உங்கள் செலவா அவர்கள் செலவா என்று எழுதி வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஆங்கரேஜிலிருந்து கிளம்பும்போதே முழுப் பயணத்துக்கும் எண்ணி, மேல் அலமாரியில் இல்லாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.